தமிழ்ச்செல்வியின் கட்சி

வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சுவாமிநாதன் அந்த வாரம் முழுக்க வீட்டுக்குள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. மின்விசிறியைப் போட்டார். காற்று போதவில்லை என்று ஜன்னலைத் திறந்தார். ரயில் சத்தம் பொறுக்க முடியவில்லை என்று சாத்தினார். வேலை பார்த்த காலமெல்லாம் ரயில்வே சரக்குப் பிரிவில் கழித்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகும் சூரமங்கலத்தைவிட்டு நகராத மனிதருக்கு ரயில் சத்தம் இடைஞ்சலாகிவிட்டது என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

விஷயம் இதுதான். அவருடைய மனைவி தமிழ்ச்செல்வி பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தாள். போன மாசியில், வகுப்பு முடிந்து கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துபோனது. பல வருடம் உழைத்து எழுதிய தமிழ் வாக்கியங்களைப் பற்றிய புத்தகத்தை அப்போதுதான் முடித்திருந்தாள். குமாரபாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் கருமாதி, திதி எதுவும் செய்கிற வழக்கம் கிடையாது. படத்திறப்பு மட்டும்தான். மண்டபம் பிடித்து, படத்தைத் திறந்துவைத்து, நாலு பேர் பேசி, டீயும் மிக்சரும் கொடுத்து அனுப்புவார்கள். அந்தப் படத்திறப்பிலேயே புத்தகத்தையும் வெளியிட்டுவிடலாம் என்று அவளுடைய சகபேராசிரியர் அன்பரசு சொன்னார். பிழை திருத்தி அச்சுக்குத் தயார் செய்யும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டவர், போன வாரம் போன் செய்தார்.

"சார், ஒரு யோசனை. இந்தப் புத்தகம் இப்படியே வந்தா நூலகத்துல தூசி படிஞ்சு கிடக்கும். மூணு இயலை மட்டும் மாற்றிலக்கண முறைக்கு மாத்தி எழுதித் தர்றேன். அட்டையிலயும் அந்த முறையோட பேரு இருக்கட்டும். பாடத்திட்டக் குழுவுல நான் இருக்கேன். வர்ற வருசமே பாடநூலாக்கிடலாம். வருசா வருசம் பசங்க படிப்பாங்க. உரிமை உங்ககிட்டதான் இருக்கு. நீங்க சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

சுவாமிநாதன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதிலிருந்து கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை.

அன்பரசுவும் தமிழ்ச்செல்வியும் ஒரே துறையில் எதிரெதிர் அறையில் இருந்துகொண்டு சண்டை போட்டே காலம் தள்ளிய விரோதிகள். அன்பரசு மாற்றிலக்கணக்காரர். உலகத்தில் மொழியியல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் அந்தப் பக்கம்தான். வாக்கியம் என்பது ஒரு மரம். அது இரண்டிரண்டாகக் கிளைவிடும். சொற்கள் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவும். கண்ணுக்குத் தெரியாத சொற்களும் கிளைகளில் உட்கார்ந்திருக்கும் என்பார்கள் அவர்கள். தமிழ்ச்செல்வி சார்பு இலக்கணக்காரி. மரமும் வேண்டாம், தாவலும் வேண்டாம். வினைச்சொல் நடுவில் நிற்கிறது, மற்ற சொற்கள் ஒவ்வொன்றும் அதனோடோ இன்னொரு சொல்லோடோ கட்டுப்பட்டிருக்கிறது, யார் யாரோடு என்று ஓர் அம்புக்குறி போட்டால் தீர்ந்தது என்பாள். அதைச் சொன்னவர்கள் உலகத்தில் குறைவு. சேலத்தில் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அன்பரசு இந்த வீட்டுக்கு வந்துவிடுவார். மேச்சேரி ஆட்டுச் சந்தையிலும் லாரிப் பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும் தமிழ்ச்செல்வி கேட்டு எழுதிவந்த வாக்கியங்களை வைத்துக்கொண்டு இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

"'அந்தக் கெடாவ நேத்தே வித்துப்போட்டாங்க.' இதுல வித்தது யாரு? எழுவாய் எங்க? அங்க ஒரு சத்தமில்லாத சொல் உட்கார்ந்திருக்கு," என்பார் அன்பரசு.

"சந்தைக்கே வராத ஆளுக்கு எதுக்கு சார் நாற்காலி போட்டு வைக்கறீங்க? 'ஆங்க'ன்னு வினையே சொல்லிடுச்சே, போதாதா?"

"நீங்க இப்படியே பேசிட்டிருங்க, உங்க கட்சியில நீங்க ஒருத்தர்தான் மிஞ்சுவீங்க."

"உங்க கட்சியில கூட்டம் இருக்கு. யோசிக்கறவங்க எத்தனை பேருன்னு எண்ணிச் சொல்லுங்க, நாளைக்கே சேர்ந்துக்கறேன்."

சுவாமிநாதன் டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார். ஆறிப்போகும். திரும்பச் சூடு பண்ணிக் கொடுப்பார். பாதி அவருக்குப் புரியாது. புரிந்த பாதியில் சில நேரம் அன்பரசு சொல்வதுதான் நியாயம் என்று தோன்றும். அதை மட்டும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

செவ்வாய்க்கிழமை மைத்துனர் கந்தப்பன் வந்தார். குமாரபாளையத்தில் விசைத்தறி வைத்திருப்பவர், தமிழ்ச்செல்விக்கு மூத்தவர். ஃப்ளெக்ஸ் பேனரில் போட எந்தப் போட்டோ என்று கேட்க வந்தவர், விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இலக்கணத்துலயும் ரெண்டு கட்சி இருக்குதுங்களா மாப்ள?"

"ரெண்டா? ஒரு டஜனுக்கு மேல இருக்குதுங்க மச்சான். பெரிய கட்சி அன்பரசு சாரோடது."

"தங்கச்சி கட்சி?"

"சின்னது."

"எம்எல்ஏ ஏதாச்சும் உண்டுங்களா?"

"டெபாசிட்டே சந்தேகம்."

கந்தப்பன் சிரிக்கவில்லை. "எங்கப்பாவும் அப்புடித்தானுங்க. சாகற வரைக்கும் ஜெயிக்காத கட்சிக்கே ஓட்டுப் போட்டுட்டுப் போனாரு. என்ன கண்டாரு? இதுவும் அவரு ரத்தம்தானே. செத்த பொறகாச்சும் ஜெயிக்கற பக்கம் நிக்கட்டுமே. பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க படிக்கும், பேரு நிக்கும்..."

"பள்ளிக்கூடம் இல்லீங்க, எம்.ஏ."

"ஏதோ ஒண்ணு. நீங்க கையெழுத்தப் போட்டுப்போடுங்க மாப்ள. ரொம்ப யோசிச்சீங்கன்னா ஒடம்புக்குத்தான் கேடு. ஏனுங்க, கண்ணெல்லாம் இப்புடிக் குழி உழுந்து கெடக்குது?"

அவர் போன பிறகு சுவாமிநாதனுக்கு அது சரியென்றே பட்டது. ஆனால் சரியென்று பட்டதும் மனம் அடங்க வேண்டும் அல்லவா? அடங்கவில்லை. மறுநாள் டவுன் பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். எந்தக் கொள்கைக்கு எவ்வளவு ஆள் என்று நேரிலேயே விசாரித்துவிடலாம் என்பது அவர் எண்ணம். ரயில்வேயில் எந்த வண்டியில் கூட்டம் அதிகம் என்று கணக்கெடுத்துப் பெட்டி சேர்ப்பார்கள். இதுவும் அந்த மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டார்.

கேண்டீனில் ஆய்வு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தமிழ்ச்செல்வியிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜெயப்பிரியா எழுந்து நின்றாள். ராசிபுரத்துப் பெண். அவள் ஆய்வு இப்போது அன்பரசு கையில்.

"இப்ப எந்தக் கொள்கைங்க பெருசு?" என்று சுவாமிநாதன் தங்கத்தின் விலை விசாரிப்பதுபோலக் கேட்டார்.

மேசையில் சிரிப்பு எழுந்தது. ஒருவன் சொன்னான்: "கைடு எந்தக் கொள்கையோ அதுதானுங்க சார் பெருசு."

"டேய், சும்மா இரு," என்றாள் ஜெயப்பிரியா. பிறகு அவரைப் பார்த்து, "அவன் சொல்றது நெசம்தான் சார். மேடம் இருந்தப்ப நாங்க அம்பு போட்டோம். இப்ப மரம் போடறோம்," என்றாள்.

"உனக்கு எதும்மா சரின்னு தோணுது?"

அவள் டம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "எது சரின்னு இப்பல்லாம் யாரும் கேக்கறதில்ல சார். இன்டர்வியூல மரம்தான் போடச் சொல்றாங்க. மேடம் இருந்தா நான் திட்டு வாங்குவேன். திட்டறதுக்கு இப்ப ஆளில்ல."

அன்று மாலை பெங்களூரில் இருக்கும் மகள் அகல்யாவுக்குப் போன் போட்டார். அவள் கம்ப்யூட்டருக்கு மொழி பழக்கும் கம்பெனியில் இருக்கிறாள். அவள் ஒரு புதுச் செய்தி சொன்னாள்.

"அம்மா கட்சிக்கு எங்க பக்கம் நல்ல மவுசுப்பா. கம்ப்யூட்டருக்கு வாக்கியத்தைப் பிரிச்சுக் குடுக்க அம்புதான் தோது. நான் சேர்ந்த புதுசுல எங்க ஆபீஸ்ல மரம் போட்டவங்களையே நான் பார்த்ததில்ல. அம்மாகிட்ட சொன்னப்ப என்ன குஷி தெரியுமா?"

"அப்ப நாம ஜெயிச்சுட்டோமா?"

"எங்க! இப்ப இலக்கணமே வேண்டாம்ங்கறாங்க. எழுத்தை மலை மலையாக் கொட்டுனா மெஷினே படிச்சுக்குது. அன்பரசு மாமாவும் போச்சு, அம்மாவும் போச்சு..."

வேகத்தில் சொல்லிவிட்டாள். ஒரு சரக்கு ரயில் தடதடத்துப் போய் முடிந்தது.

"அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் சாமி. கையெழுத்துப் போடட்டுமா, வேண்டாமா?"

"உங்களுக்கு என்னப்பா தோணுது?"

"எனக்கு ஒண்ணும் தோணல. காலுதான் நிக்க மாட்டேங்குது."

வியாழக்கிழமை சாயங்காலம், போட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தார். அன்பரசுவின் வீடு அஸ்தம்பட்டியில். திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி ஏற்காடு சாலையில் போய்க்கொண்டே இருந்தார். மலை கிட்டே தெரிய ஆரம்பித்த பிறகுதான் வண்டியைத் திருப்பினார்.

அன்பரசு திருத்திய இயல்களை மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மரங்கள், சுத்தமாக, கிளை கிளையாக. மேச்சேரிச் சந்தை வாக்கியங்கள், பட்டறை வாக்கியங்கள் எல்லாம் அதனதன் கிளையில் தொங்கின. வாக்கியங்களில் ஒரு எழுத்துக்கூட மாறவில்லை. சுவாமிநாதன் பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி பக்கங்களைப் புரட்டினார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு சார்," என்றார் அன்பரசு. குரலில் உற்சாகம் இல்லை.

"நீங்க இப்ப என்ன எழுதிட்டிருக்கீங்க சார்? உங்களோடது?"

அன்பரசு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாசிக்கப்புறம் ஒரு வரி எழுதல. எழுதினா யார்கிட்டக் காட்டறது? துறையில எல்லாரும் என் கட்சி ஆளுங்க. நான் எதைச் சொன்னாலும் 'பிரமாதம் சார்'ங்கறாங்க. தப்பா ஒண்ணு வேணும்னே சொல்லிப் பார்த்தேன். அதுக்கும் தலையாட்டறாங்க."

"அப்புறம் எதுக்கு சார் இவளையும் தலையாட்ட வைக்கறீங்க?"

கேட்டுவிட்டுத்தான் தாம் என்ன கேட்டோம் என்பது சுவாமிநாதனுக்கே உறைத்தது. அன்பரசு மேசைமேல் இருந்த பக்கங்களை ஒன்றாக அடுக்கினார்.

"அவ எழுதினதை அப்படியே அச்சுக்கு அனுப்பிடுங்க."

"பாடநூலாகாது சார். அதை அப்படியே வச்சா குழுவுல என்னாலயே ஒத்துக்க முடியாது. கொஞ்சம் காப்பி அச்சடிச்சு, வந்தவங்களுக்குக் குடுத்து, அவங்க கொண்டுபோய் அலமாரியில வச்சுடுவாங்க. அவ்வளவுதான். உங்களுக்கு வருத்தமா இருக்கும்."

"இருக்கட்டும். இன்னொண்ணும் செய்யணும். படத்திறப்புல நீங்க பேசறீங்க இல்லீங்களா? இதுல என்னென்ன தப்புன்னு பேசுங்க."

அன்பரசு பதறிப்போனார். "என்ன சார் இது? மாலை போட்ட படத்துக்குப் பக்கத்துல நின்னு அவங்களையே குறை சொல்றதா? காறித் துப்புவாங்க. உங்க மச்சான் என்னை உசுரோட விடுவாரா? நான் மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை எங்க ஊட்டுல சொல்லலையா?"

"அது அவங்க பதில் சொல்றதுக்கு இருந்தப்ப சார்!"

சுவாமிநாதன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பும்போது அன்பரசு வாசல்வரை வந்தார். மறுநாள், தமிழ்ச்செல்வி எழுதிய பிரதியே அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று மட்டும் தகவல் வந்தது. மேடையில் என்ன பேசப்போகிறார் என்பது சுவாமிநாதனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பிடிக்கவில்லை. செய்தது சரிதானா என்று புத்தகம் அச்சாகி வருகிறவரை தினமும் வீட்டுக்கும் ஜங்ஷனுக்குமாக நடந்தார். வருடா வருடம் பிள்ளைகள் படித்திருக்கக்கூடிய ஒன்றை நம் கையாலேயே தடுத்துவிட்டோமோ என்ற எண்ணம் கூடவே நடந்தது.

படத்திறப்பு அஸ்தம்பட்டியில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. கந்தப்பன் குமாரபாளையத்திலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களைக் கூட்டி வந்திருந்தார். துறையிலிருந்து ஆசிரியர்கள், மாணவர்கள். அகல்யா துணியை விலக்கிப் படத்தைத் திறந்துவைத்தாள். புத்தகத்தை வெளியிட்டார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பேச வந்தவர்கள், அம்மையார் தமிழுக்கே தம்மை அர்ப்பணித்தவர் என்றார்கள். சிரித்த முகம் என்றார்கள். ஈடு செய்ய முடியாத இழப்பு என்று ஒருவர் சொன்னதை அடுத்தவரும் சொன்னார். புத்தகத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. சிலர் அதை விசிறியாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்பரசு மைக் முன்னால் வந்தார். "ஈடு செய்ய முடியாத..." என்று தொடங்கினார். முன்வரிசையில் இருந்த சுவாமிநாதன் தலையைக் குனிந்துகொண்டார். போயிற்று, இதுவும் போயிற்று என்று நினைத்தார்.

பேச்சு நின்றுபோயிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அன்பரசு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"இதுல மூணாவது இயல் தப்பு," என்றார்.

மண்டபத்தில் விசிறல் நின்றது.

"எல்லாச் சொல்லும் ஏதோ ஒரு சொல்லுக்குக் கீழ நிக்கும்னு இவங்க சொல்றாங்க. சரி. 'செங்கோடனும் பழனியும் வந்தாங்க.' இதுல செங்கோடனுக்குக் கீழ பழனியா, பழனிக்குக் கீழ செங்கோடனா? ரெண்டு பேரும் சமமா நிக்கறப்ப அம்பை எங்கிருந்து எங்க போடுவீங்க? இந்த இடத்துல புத்தகம் தடுமாறுது. இதை நான் அவங்ககிட்டயே சொன்னேன். கேக்கல. பிடிவாதம்!"

கந்தப்பன் எழுந்துவிட்டார். "ஏனுங்க வாத்தியாரே! எங்கூட்டுப் புள்ள செத்துக் கெடக்குது, நீங்க பாட்டுக்குத் தப்புத் தப்புங்கறீங்க? மருவாதி வேண்டாமா?"

"அவரைப் பேச விடுங்க மச்சான்," என்றார் சுவாமிநாதன்.

"என்னங்க மாப்ள நீங்களும்..."

அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "தடுமாறல சார்." ஜெயப்பிரியா. முகமெல்லாம் வெளுத்திருந்தது. இனி தன் ஆய்வில் கையெழுத்துப் போடவேண்டிய மனிதரோடு பேசுகிறோம் என்பது அவளுக்குத் தெரியும். "தமிழ்ல ரெண்டு பேருக்கும் 'உம்' வருது. அதனால ரெண்டு பேரும் நேரா வினையோடதான் கட்டியிருக்காங்க. ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர் வேண்டியதில்ல. ரெண்டு அம்பு போடலாம்னு மேடம் எழுதியிருக்காங்க. அதே இயல்ல, கடைசியில."

"போடு. ஒவ்வொரு அம்புலயும் ஒரு ஆளுதான். அப்ப 'வந்தாங்க'ன்னு பன்மை எங்கிருந்து வந்துச்சு?"

அவள் புத்தகத்தைப் புரட்டித் தேடினாள். பக்கத்திலிருந்தவன், கேண்டீனில் 'கைடு' என்று பதில் சொன்ன பையன், "ரெண்டையும் கூட்டினா பன்மைதானே சார்?" என்றான்.

"யாரு கூட்டினது? எந்த இடத்துல? அந்த இடத்துக்குத்தான் நான் மரத்துல ஒரு கிளை வச்சிருக்கேன். உங்க மேடம் என்ன வச்சிருக்காங்க?"

"வாக்கியத்துல இல்லாததையெல்லாம் மரத்துல உக்கார வைக்கறீங்க சார்!" என்று ஜெயப்பிரியா கத்தினாள். கத்திய பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அன்பரசுவின் முகம் மலர்ந்துபோனது. சுவாமிநாதன் அந்த முகத்தைப் பார்த்து நெடுநாளாகியிருந்தது.

"வா, மேடைக்கு வந்து சொல்லு. பயப்படாதே, ஆய்வுல உன் கட்சியிலயே இருந்துக்கோ. நான் கேள்வி மட்டும் கேப்பேன். ஆனா விடமாட்டேன்."

அதன் பிறகு நிகழ்ச்சி நிகழ்ச்சியாக இல்லை. வேறொரு ஆசிரியர் எழுந்து இருவர் சொல்வதும் தவறு என்றார். அகல்யா தன் போனில் அம்புக்குறிப் படம் காட்டினாள். குமாரபாளையத்து உறவுக்காரர் ஒருவர், "அட, வந்தாங்கன்னா வந்தாங்கதான், இதுல என்னய்யா சண்டை?" என்று தம் பக்கத்து ஆளிடம் கேட்க, அவர்கள் இருவருக்குள்ளும் அது தனிச் சண்டையானது. நன்றியுரை சொல்ல வேண்டியவர் சுவாமிநாதன். மைக் அவர் கைக்கு வரவே இல்லை.

மண்டபத்துக்காரர் வந்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அடுத்து காதுகுத்து வைத்திருப்பவர்கள் தவலையும் கரண்டியுமாக வாசலில் நின்றார்கள். கூட்டம் வெளியேறியது. வண்டி நிறுத்தும் இடத்தில், ஒருவர் வண்டிச் சீட்டின்மேல் இன்னொருவர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேச்சு தொடர்ந்தது.

சுவாமிநாதன் அகல்யாவோடு படத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார். கண் கலங்கியிருந்தது. தமிழ்ச்செல்வி இன்று இருந்திருந்தால் அந்தப் பன்மைக்கு ஒரு பதில் சொல்லியிருப்பாள். அந்தப் பதில் என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. சண்டை போடுகிறவர்களேதான் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். சரியாக வருமோ வராதோ.

கந்தப்பன் வேனுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தார். கோபம் இன்னும் முழுக்க இறங்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தவர், சுவாமிநாதனைப் பார்த்ததும் அதை நீட்டினார்.

"ஏனுங்க மாப்ள, அந்த வாத்தியாரு தப்புன்னாரே, அது எந்தப் பக்கத்துலங்க இருக்குது? எனக்கு எடுத்துக் குடுங்க. அப்புடி என்னதான் தப்பா எழுதிப்போட்டா எந்தங்கச்சின்னு நானும் பாத்துப்போடறேன்."

சுவாமிநாதன் படத்தை மகளிடம் கொடுத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி மூன்றாவது இயலைத் தேடினார்.